இன்னம் கொஞ்சம் போகும்

என் கணவருக்கு டாங்கி நிறைவது என்றால் பெற்றோல் வெளியே வழிய வேண்டும். கல்முனையில் நாங்கள் வழமையாகப் போகும் பெற்றோல் செட்டில் பம்ப் தானாக 'டக்' என்று நின்றதும் மற்றவர்கள் மூடியைப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். இவர் போகமாட்டார். ஸ்கூட்டியின் கைபிடியைப் பிடித்து வண்டியை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் குலுக்குவார். உள்ளே அடைபட்ட காற்று குமிழி குமிழியாக மேலே வரும். "தம்பி, இன்னம் கொஞ்சம் போகும்" என்பார். மறுபடி அடித்தால் பெற்றோல் கழுத்துவரை ஏறி, திரும்பிச் சீறி, அவருடைய கையிலும் காற்சட்டையிலும் கொட்டும். அப்போதுதான் அவருக்கு மனம் நிறையும்.

நாட்டில் எண்ணெய் இல்லாமல் போன வருடம் பிடித்த பழக்கம் இது. அப்போது வரிசையில் இராப்பகலாகக் கிடந்தவர்கள் எல்லோருமே இப்படித்தான் குலுக்கினார்கள். பிறகு எண்ணெய் வந்தது, வரிசை போனது, ஊரும் குலுக்குவதை மறந்தது. இவர் மட்டும் மறக்கவில்லை. பின்னால் உட்கார்ந்து போகிற எனக்கு மானம் போகும். ஷோலை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, யார் வீட்டு மனிதரோ என்பதுபோலத் தள்ளி நிற்பேன்.

வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே மறிப்பேன்.

"இந்த மணத்தோட உள்ளுக்கு வராதீங்க. கிணத்தடிக்குப் போங்க."

"அத்தர் பூசிக்கிட்டு வந்தா மட்டும் கிட்ட வரப்போறியா புள்ள?" என்று சிரித்துக்கொண்டே கிணற்றடிக்குப் போவார்.

கடைசியாக அவர் டாங்கி நிறைத்தது பொத்துவிலுக்குப் போவதற்காக. அங்கே என் உம்மாவின் தங்கச்சி, என் சாச்சி, சுகமில்லாமல் இருந்தார். மறுநாள் விடிய சுபஹு தொழுதுவிட்டு இருவரும் வெளிக்கிடுவதாக இருந்தோம். அன்று காலையிலேயே போய் அடித்துக்கொண்டு வந்து ஸ்கூட்டியை மாமரத்தடியில் நிறுத்தினார். காற்சட்டையில் முழங்காலுக்கு மேல் நனைந்திருந்தது. வழமைபோல ஏசினேன். அதற்காக நான் வருந்தவில்லை. ஏசாமல் விட்டிருந்தால் எனக்குத்தான் ஏதோ நோய் என்று பயந்திருப்பார். நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டுச் சாய்ந்தவர் பின்னேரம் அஸர் தொழுகைக்கு எழும்பவில்லை.

அவருடைய மையித்தைக் குளிப்பாட்டியவர்களில் என் மூத்த சகோதரரும் ஒருவர். காக்கா என்றுதான் நான் அவரைக் கூப்பிடுவேன். என் கணவருடைய கையில் பெற்றோல் மணம் இருந்ததா என்று பிறகொரு நாள் அவரிடம் கேட்டேன்.

"ஓம் தங்கச்சி. இலந்தை இலைத் தண்ணியில கழுவி, கற்பூரமும் போட்டம். அப்பவும் வலது கையில இரிந்திச்சி."

நான் இத்தாவில் இருந்தேன். கணவர் மௌத்தான பெண் வெளியே போகாமல், வாசனை எதுவும் பூசாமல் வீட்டோடு இருக்க வேண்டிய காலம். என் அத்தர்ப் போத்தலையும் முகப் பவுடரையும் மகள் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். ஒரு வாசமும் இல்லாமல் போன அந்த வீட்டுக்குள், அடக்கம் செய்த மறுநாள் நடுப்பகலில், பெற்றோல் மணம் வந்தது.

வாசலைப் பார்த்தேன். யாரும் இல்லை. என் வாய் தானாகத் திறந்து, "உள்ளுக்கு வராதீங்க" என்றது. சொன்ன பிறகு பயம் பிடித்துக்கொண்டது. பயம் அவர் வந்துவிட்டார் என்பதால் அல்ல. என் சொல்லைக் கேட்டுத் திரும்பிப் போயிருப்பாரோ என்றுதான் பயந்தேன்.

அடுத்த நாளும் அதே நேரம் வந்தது. பக்கத்து வீட்டு மாமியிடம் மெதுவாகச் சொன்னேன். "மௌத்தானவங்கட ரூஹு வெள்ளி ராவுலதான் புள்ள வரும். பட்டப்பகல்ல வராது" என்றார். இவர் எந்தக் காரியத்தை உரிய நேரத்தில் செய்தார் என்று நினைத்துக்கொண்டேன்.

காரணத்தை மகள்தான் கண்டுபிடித்தாள். மையித்து வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கதிரை போடுவதற்காக, யாரோ ஸ்கூட்டியை மாமரத்தடியிலிருந்து மதில் ஓரம் தள்ளிவிட்டிருந்தார்கள். அங்கே நல்ல வெயில். கழுத்து முட்ட நிறைத்த பெற்றோல் சூட்டுக்குப் பொங்கி, உட்காரும் சீற்றுக்குக் கீழே வழிந்துகொண்டிருந்தது. இவ்வளவுதானா என்று காக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டியை நிழலுக்குத் தள்ளப் போனவரைத் தடுத்தேன்.

சில நாளில் அதுவும் நின்றது. பொங்க வேண்டியது பொங்கி முடிந்திருக்கும். நடுப்பகல் வந்தது, மணம் வரவில்லை. மகள் பாடசாலைக்குப் படிப்பிக்கப் போன பிறகு நான் தனியே மதில் ஓரம் போய், கைபிடியைப் பிடித்து, அவர் குலுக்குவதுபோலக் குலுக்கினேன். ஒரு சொட்டும் வெளியே வரவில்லை. உள்ளே பெற்றோல் அலையும் சத்தம் மட்டும் கேட்டது. சீற்றில் காதை வைத்து, அது அடங்கும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன். பிறகு தினமும் போனேன். குலுக்குவேன், கேட்பேன், வருவேன். யாராவது பார்த்திருந்தால் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து குடியிருப்பவர். இந்த வீடும் கட்டிலும் அலுமாரியும் என் உம்மா எனக்குத் தந்தவை. அவருடையது என்று வளவில் நின்றது அந்த ஸ்கூட்டியும், அதற்குள் அவர் கையால் நிறைத்த பெற்றோலும்தான். வண்டியை யார் எடுத்தாலும் தாங்கிக்கொள்வேன். அந்தப் பெற்றோல் தீர்ந்துபோவதை மட்டும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"வெச்சிருந்தா அது பழுதாப் போயிரும் தங்கச்சி. தண்ணி மாதிரி ஆகிரும். எஞ்சினையும் கெடுக்கும்" என்றார் காக்கா.

வைத்திருந்தாலும் போகும், ஓடினாலும் போகும் என்றால் நான் என்னதான் செய்வது? பல நாள் அதையே யோசித்தேன். இத்தா முடிந்த காலை, மகள் அத்தர்ப் போத்தலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"பிறகு பூசுறன்" என்றேன். "ஸ்கூட்டிய எடு. பொத்துவிலுக்குப் போவம்."

மகள் சாவியை எடுத்துவந்தாள். நெடுநேரம் கிக்கரை மிதித்தாள். கடைசியில் இருமிக்கொண்டு எழும்பியது. காரைதீவு, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று ஒவ்வோர் ஊராகப் பின்னால் போனது. வயலும் கடலும் மாறி மாறி வந்தன. நான் ஒன்றையும் பார்க்கவில்லை. மகளுடைய தோளுக்கு மேலால் எட்டி, பெற்றோல் முள்ளையே பார்த்துக்கொண்டு போனேன். சாச்சி என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். "வாறன் எண்டாரே" என்றார். இவர்தான் என்னைக் கொண்டுவந்து விட்டதாக எனக்குப் பட்டது. அதைச் சொன்னால் இன்னும் அழுவார் என்று சொல்லவில்லை.

திரும்பிக் கல்முனைக்குள் நுழையும்போது முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. மகள் அதே செட்டுக்குள் திருப்பினாள். நான் இறங்கித் தள்ளி நின்றேன். பம்ப் 'டக்' என்று நின்றது. மகள் மூடியைப் போட எடுத்தாள்.

எப்படிக் கிட்டப் போனேன் என்று தெரியாது. என் கை கைபிடியைப் பிடித்துக் குலுக்கியது.

"தம்பி, இன்னம் கொஞ்சம் போகும்."

பெற்றோல் அடிப்பவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு என் கணவரைத் தெரியும். மறுபடி பம்பை வைத்தார். பெற்றோல் கழுத்துவரை ஏறி, திரும்பிச் சீறி, என் வலது கையில் கொட்டியது. வெயிலிலும் அது குளிர்ந்தது.

"உம்மா, கையக் கழுவுங்க" என்றாள் மகள்.

"ஊட்டுக்குப் போய்க் கழுவுறன்."

வீட்டு வாசலில் வந்து நின்றேன். கிணற்றடிக்குப் போகச் சொல்ல அங்கே யாரும் இல்லை. கையை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனேன். பிறகு, "உள்ளுக்கு வாங்க" என்று சொல்லிக்கொண்டு, அந்த மணத்தோடே உள்ளே போனேன்.