பதினெட்டு டிகிரி

திரையின் மூலையில் சூடு காட்டும் எண் எழுபத்து நான்கைத் தொட்டதும் ஆரோக்கியசெல்வி மனசுக்குள் பதினெட்டைக் கூட்டினாள். தொண்ணூற்றிரண்டு. இன்னும் எட்டு ஏறினால் கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிடும். அணைந்தால், பிரான்சில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும் உஷாராணி தன் அப்பாவின் முகத்தை இனிப் பார்க்க முடியாது.

சோரியாங்குப்பத்தில் மரியதாஸுக்கு அன்று அடக்கம். மகள் உஷாராணிக்கு வயிற்றில் ஏழு மாதம்; கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் அவள் தம்பி ஜெயசீலன் பாகூருக்குப் போன் போட்டு ஆரோக்கியசெல்வியைக் கூப்பிட்டான். "பொட்டி மூடுற வரைக்கும் லைவ் கட்டாவக் கூடாதுக்கா. அவ அது ஒண்ணுதான் கேக்குறா."

ஆரோக்கியசெல்வி இந்த லைவ் வேலைக்கு முன் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவள். கொரோனா காலத்தில், யாரும் யார் சாவுக்கும் போக முடியாமல் கிடந்தபோது, தெருவில் ஒரு வீட்டுக்காகப் போனைப் பிடித்துக் காட்டியதில் ஆரம்பித்தது. பிறகு கேமரா வந்தது. அதைக் கணவன் பாக்யராஜ் பிடிப்பான். படத்தைக் கம்ப்யூட்டரில் வாங்கி யூட்யூபுக்கு அனுப்புவது அவள் வேலை. இங்கே நடப்பது வெளிநாட்டில் அரை நிமிடம் கழித்துத்தான் தெரியும். அந்த அரை நிமிடத்தை யாரும் கணக்கில் எடுத்ததில்லை.

ஆனால் கடைசியாகப் போன இரண்டு சாவு வீட்டிலும் கம்ப்யூட்டர் நடுவிலேயே அணைந்துபோனது. கல்யாண மண்டபத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓடுகிற அதே பெட்டிதான்.

"கண்ணாலம்னா பல்ல இளிச்சிகினு ஓடுது. எழவுன்னா மயக்கம் போட்டு வுழுது" என்றான் பாக்யராஜ். "உன்னாட்டமேதான்."

அவள் சிரிக்கவில்லை. இரண்டாவது வீட்டில் ஒரு பெரியம்மா சாபமே விட்டிருந்தாள்.

வில்லியனூரில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் நாகராஜனிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். சூட்டினால் அணைகிறது என்று சொல்லி அவன் தூசு தட்டி, பிராசசருக்குச் சூட்டைக் கடத்தும் புதுப் பசை தடவிக் கொடுத்தான். சூட்டைப் பார்க்க இரண்டு வழியும் காட்டினான். விண்டோஸ் வருவதற்கு முன்னாலேயே ஒரு பட்டனை அழுத்தினால் பயாஸ் என்ற நீலத் திரை வரும், அதில் ஓர் எண். விண்டோஸ் வந்த பிறகு அதற்கென்று போட்டிருக்கும் சாஃப்ட்வேரில் இன்னோர் எண்.

வீட்டில் பார்த்தாள். பயாஸ் அறுபத்தொன்று என்றது, சாஃப்ட்வேர் நாற்பத்து மூன்று என்றது. ஒரே பிராசசர், ஒரே காலை. நாகராஜனைப் போனில் பிடித்தாள்.

"ரெண்டுமே கரெக்ட்டுதான்க்கா, வுடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். கடையில் கூட்டம்.

இரண்டும் எப்படிச் சரியாக இருக்கும்? பயாஸ் அந்தப் பெட்டியோடு பிறந்தது, சாஃப்ட்வேர் நெட்டிலிருந்து இறக்கியது. வெளி ஆள் குறைத்துத்தான் சொல்வான் என்று முடிவு கட்டினாள். அன்றிலிருந்து சாஃப்ட்வேர் என்ன காட்டினாலும் பதினெட்டைக் கூட்டிக்கொண்டாள்.

இப்போது எழுபத்தொன்பது காட்டியது. கூட்டினால் தொண்ணூற்றேழு.

படத்தின் தரத்தைக் குறைத்தாள். எண் இறங்கவில்லை. சூடு ஏறக் கூடாது என்றுதான் மேசையை, உடலை வைத்திருந்த கண்ணாடி ஐஸ் பெட்டிக்கு ஒட்டிப் போட்டிருந்தாள். பிளக் பாக்ஸும் அங்கேதான் இருந்தது, கம்ப்யூட்டருக்கும் குளிர்ச்சி கிடைக்கும். போன இரண்டு சாவு வீட்டிலும் அவள் உட்கார்ந்த இடம் அதுதான். அப்படியும் ஏறுகிறதே!

தானாக விழுவதற்கு முன் தானே நிறுத்திக் கொஞ்சம் ஆறவிடலாம். ஃபாதர் வர இன்னும் நேரம் இருந்தது. "ஏசுவே" என்று சொல்லிக்கொண்டு லைவை நிறுத்திக் கம்ப்யூட்டரை அணைத்தாள்.

அரை நிமிடம் கழித்துப் போன் அடித்தது.

"அக்கா, அப்பா எங்க? வட்டம் சுத்திகினே கீதுக்கா..."

"அஞ்சு நிமிசம்டி உஷா. இதோ வந்துடும்."

பாக்யராஜ் வாட்சப்பில் காட்டிப் பார்த்தான். அத்தனை பேரின் போனுக்கு நடுவே சிக்னல் திணறி, கட்டம் கட்டமாக உறைந்தது. "இன்னாடி பண்ணிகினு கீற?" என்று பல்லைக் கடித்தான்.

கம்ப்யூட்டரைத் திரும்பப் போட்டு நீலத் திரைக்குப் போனாள். தொண்ணூறுக்கு மேல் நிற்கும் என்று பயந்துகொண்டே பார்த்தாள். எழுபத்தொன்று என்றது.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எப்போதும் கூடச் சொல்கிற பயாஸ் இப்போது சாஃப்ட்வேர் சொன்னதைவிடக் குறைத்துச் சொன்னது. அப்படியென்றால் பதினெட்டு எங்கே போனது?

பந்தலுக்கு வெளியே மோட்டார் பைக் வந்து நின்றது. மேற்கே கறுத்துக்கொண்டு வந்ததால் ஃபாதர் முன்னாலேயே வந்துவிட்டார். "மழைக்கு முந்தி தூக்கிடலாம்" என்று யாரோ சொல்ல, சவப்பெட்டியை உள்ளே கொண்டுவந்தார்கள்.

ஆரோக்கியசெல்வி பதினெட்டை விட்டுவிட்டாள். இதே நீலத் திரை வீட்டில் அறுபத்தொன்று காட்டியது. அங்கேயும் சும்மாதான் இருந்தது, இங்கேயும் சும்மாதான் இருக்கிறது. ஆனாலும் பத்து டிகிரி கூட. அந்தப் பத்து வேலையால் வந்ததல்ல, இந்த இடத்தால் வந்தது.

குனிந்து மேசைக்கடியில் கை விட்டாள். ஐஸ் பெட்டியின் அடிச் சல்லடையிலிருந்து அனல் குபுகுபுவென்று வந்து, கம்ப்யூட்டர் காற்றிழுக்கும் ஓட்டையில் நேராக அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே இருக்கும் சூட்டையெல்லாம் வெளியே தள்ளித்தானே அது உடலைக் குளிராக வைத்திருக்கிறது! மூன்று சாவு வீட்டிலும் அடுப்பு வாயில் கம்ப்யூட்டரை வைத்துவிட்டு, குளிர்ச்சி என்று உட்கார்ந்திருக்கிறாள்.

"ஏங்க, மேசையப் புடிங்க. அந்தப் பக்கம்!"

அந்தப் பக்கம் முழுக்கப் பெண்கள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். காசம்மாள் என்ற பெரியவள் மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தாள். "எழவு வூட்ல வந்து எங்களயே எழுப்புறியா? அம்மாம் பெரிய மகாராணியா நீ?"

"உஷா பாக்கணும்மா. கால்ல வேணா வுழறேன், நவுருங்க."

காசம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்தாள். "நவுருங்கடி, பொண்ணு பாக்கணுமாம்."

ஒயரைப் பிடுங்கி, மேசையைத் தூக்கி, எதிர்ப்பக்கம் வைத்து மறுபடி சொருகினாள். விண்டோஸ் வந்தது. அதற்குள் ஃபாதர் ஜெபத்தைத் தொடங்கியிருந்தார். உடலை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துச் சவப்பெட்டியில் கிடத்தினார்கள். சாஃப்ட்வேர் நாற்பத்தொன்பது காட்டியது. அவள் எதையும் கூட்டவில்லை. ஜெராக்ஸ் கடையில் ஆள் வராத நேரத்தில் அவளே ஸ்டூலில் கண்ணயர்ந்ததில்லையா? விண்டோஸில் வேலை இல்லாதபோது பிராசசர் அப்படித் தூங்கும். நீலத் திரையில் சும்மா இருந்தாலும் முழித்துக்கொண்டே நிற்கும், அதனால் அங்கே சூடு கூட. லைவ் ஓடும்போது தூக்கமும் இல்லை, கூட்டுவதற்குப் பதினெட்டும் இல்லை. நாகராஜன் சொன்னதுதான், இரண்டும் சரி.

லைவ் பட்டனை அழுத்தினாள். எண் அறுபதைத் தாண்டியது. அறுபத்தைந்து, அறுபத்தாறு. அங்கேயே நின்றது.

"ஜெயசீலா, கொஞ்சம் நில்லுப்பா!"

அவன் மூடியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். பந்தல் தகரத்தில் முதல் துளிகள் விழுந்தன. "எம்மா நேரம்க்கா நிக்கிறது? ஃபாதர் நிக்கிறாரு, மழ வந்துகினு கீது." அழுதுகொண்டேதான் சொன்னான்.

பாக்யராஜ் கூட்டத்தைத் தோளால் விலக்கிப்போய்க் கேமராவை மரியதாஸின் முகத்துக்கு நேரே இறக்கினான். அவளுடைய திரையில் முகம் நிறைந்தது, நெற்றியில் சின்ன வெட்டுத் தழும்போடு. உஷாராணியின் போன் மறுபடி அடித்தது; எடுத்துக் காதில் வைத்தாள்.

"சுத்திகினுதான்க்கா கீது. ஒண்ணும் வரல. அக்கா..."

இங்கே மூடி இறங்கியது. முகம் மறைந்தது. பெண்கள் ஒரே குரலாக அலறினார்கள். ஆரோக்கியசெல்வி போனைக் கையால் பொத்திக்கொண்டு மேசைமேல் தலையைக் கவிழ்த்தாள்.

கைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அக்கா, வந்துட்டாரு. அப்பா வந்துட்டாருக்கா."

அவள் தலையை நிமிர்த்தினாள். அந்த அரை நிமிடம்! ஜெயசீலன் இரண்டாவது ஆணியை அடித்துக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் போனில் கேட்டுவிடாமல் முந்தானையைச் சுற்றி வாய்க்கருகே பிடித்துக்கொண்டாள்.

"மூடப்போறாங்களாக்கா?"

"இன்னும் இல்லடி" என்றாள். "நல்லாப் பாத்துக்கோ."