இரண்டாம் கேமராவின் மூடி

சிட்னியில் தொலைக்காட்சி தொடங்கிய ஐம்பத்தாறாம் வருடம், எங்கள் நிலையத்தில் என் அளவுக்குக் கேமரா பிடிக்கத் தெரிந்தவன் ஒருவனும் இல்லை. பதிமூன்று வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு, நியூடவுனில் ரேடியோப் பெட்டி ரிப்பேர் பார்த்துக் கை பழகியவன் நான். படித்த பொறியாளர்களே என்னிடம் கேட்டுக்கொண்டுதான் திருகாணியைத் தொடுவார்கள். தொடக்க நாள் ஒளிபரப்பில் இரண்டாம் கேமரா எனக்கு. பலகையில் பெயரும் எழுதியாகிவிட்டது.

அதற்கு மூன்று நாள் முன்னால் ஒத்திகை. பழகிக்கொள்ளட்டும் என்று நான் விட்டதால் அப்போது அந்தக் கேமராவில் நின்றவன் என் சிநேகிதன் கிளாரி பெட்லி. நகரும்போது லென்சை மூடிவிட்டுத்தான் நகர வேண்டும். அவன் மூடாமலே தேநீர் குடிக்கப் போய்விட்டான். எதிரே படத்தைச் சரிபார்க்க வைக்கும், வட்டம் வரைந்த சோதனை அட்டை, முழு வெளிச்சத்தில். திரும்பி வந்தபோது அட்டையின் வட்டம், கேமராவுக்குள் படம் விழுகிற குழாயில் சுட்டுப் பதிந்துபோயிருந்தது. எதைக் காட்டினாலும் அதன் மேல் அந்த வட்டம் பேய் மாதிரி நின்றது.

"வில்ஃப், மாப்ள, வாயத் தொறந்துடாதடா. சேந்து ஒரு மாசம்கூட ஆவல. வீட்ல என் ஐரிஸ் வேற முழுகாம இருக்கா."

"நான் எவனையாவது போட்டுக் குடுத்திருக்கேனா? போ, மூஞ்சியக் கழுவு. பொணம் மாதிரி நிக்கற."

கூட வேலை செய்கிறவனைக் காட்டிக்கொடுத்தவனோடு எங்கள் ஊரில் யாரும் பீர் குடிக்க மாட்டார்கள். மேலாளர் கேட்டபோது சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு குழாய் மாட்டினார்கள். மறுநாள் பலகையில் என் பெயர் இருந்த இடத்தில் கிளாரியின் பெயர். தொடக்க நாளில் அவன் பின்னால் கேபிள் இழுத்தேன். பேசாமல் நின்றதால்தான் மேலாளர் என்னைச் சந்தேகப்பட்டார் என்று நாற்பது வருடம் நம்பினேன். அவன் மகளுக்கு ஞானத் தகப்பனாகவும் நின்றேன்.

போன மாதம் நூலகத்திலிருந்து ஜேனட் என்ற பெண் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தாள். ஆரம்ப கால ஆட்களின் நினைவுகளைச் சேகரிக்கிறாளாம். கிளாரி ஏற்கெனவே பேசிவிட்டான் என்றாள். அவன் பதிவை ஆசையாகப் போடச் சொன்னேன்.

"பாவம் நம்ம வில்ஃப்," என்று சிரித்தது அவன் குரல். "மூடிய போட மறந்துட்டான். அன்னிக்கே நான் மேனேஜர் ரூமுக்குப் போய்ச் சொல்லிட்டேன். நல்லவன்தான், கவனம் பத்தாது."

கவனம் பத்தாதாம். எனக்கு!

ஜேனட் கருவியை நிறுத்தினாள். "இது நூலகத்துல அப்படியே இருக்கும், வில்ஃப். நீங்க ஏதாவது சொல்றீங்களா?"

"அவன் உசுரோடதான இருக்கான்?"

"இருக்காரு. காஸ்ஃபோர்டுல, முதியோர் இல்லத்துல."

"அப்பச் சரி. செத்தவனப் பத்திச் சொல்ல மாட்டேன். பட்டன அமுக்கும்மா."

வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவனைக் காட்டிக்கொடுத்தேன். முடிந்ததும், கிளாரியின் பிறந்தநாளுக்கென்று வாங்கி வைத்திருந்த ரம் பாட்டிலை, நீயே வைத்துக்கொள் என்று ஜேனட்டிடம் கொடுத்து அனுப்பிவிட்டேன்.