அவர் செருப்பை வைக்கும் இடம்

என் கணவர் பந்து வீச எங்கிருந்து ஓடிவர வேண்டும் என்பதை ஒரு செருப்பு காட்டும். தட்டாஞ்சாவடிப் பட்டறைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆடும் காலிமனை முழுக்கப் புழுதி; கோடு கிழித்தால் நிற்காது. அதனால் ஸ்டம்பிலிருந்து தப்படி எண்ணிப் போய், வீட்டிலிருந்து போட்டு வந்த செருப்பில் ஒன்றை அங்கே வைப்பார்.

அந்த அணிக்கு நான் ஸ்கோர் எழுதுகிறேன். இருபது வருடம் நாளிதழில் பிழை பார்த்தவள். எதையும் எண்ணாமல் இருக்க வராது. முதலில் பதினான்கு தப்படி. பிறகு பன்னிரண்டு, பதினொன்று. இந்தத் தை மாதத்திலிருந்து ஒன்பது. ஸ்கோர் புத்தகத்தில் இதற்குக் கட்டம் கிடையாது. எழுதவில்லை, அவரிடம் சொல்லவும் இல்லை. அவருக்கு வயது ஐம்பத்தொன்று.

வேலையை விட்ட பிறகும் ஞாயிறு பக்கத்துக்குப் பெயர் போடாமல் ஒரு விளையாட்டுக் குறிப்பு எழுதிவந்தேன். ஒரு வாரம் இந்திய அணியின் மூத்த வேகப்பந்து வீச்சாளரைப் பற்றி எழுதினேன். வெளிநாட்டுத் தொடருக்கு அவரைச் சேர்க்கலாமா என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். வேண்டாம் என்று எழுதினேன். அதில் எனக்குப் பிடித்த வரி ஒன்று இருந்தது: 'அவர் ஓடிவரும் தூரம் வருடத்துக்கு வருடம் குறைகிறது, பக்கத்தில் இருப்பவர்கள் பார்த்தும் சொல்லவில்லை.'

ஞாயிறு காலையில் ரொட்டியை டீயில் நனைத்துத் தின்றபடி அவர் அதைப் படித்தார்.

"இது நீ எழுதுனதுதான?"

"ஆமாங்க."

"தப்பா எழுதியிருக்க."

"அவரு டீம்ல இருக்கணும்னு சொல்றீங்களா?"

"அத விடு. அவன் ரன்-அப் எங்க கொறஞ்சுது? நான்தான் ஒரு மேட்ச் விடாம பாக்கறனே. அதே தூரந்தான் ஓடறான்."

போனில் பழைய ஆட்டம் ஒன்றையும் போன வாரத்து ஆட்டத்தையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினார். எண்ணிப் பார்த்தேன். ஒரு தப்படிகூடக் குறையவில்லை.

"யார பாத்து எழுதுன?" என்றார். குரலில் கோபம் இல்லை.

ஒருவரைப் பற்றிய தகவலை இன்னொருவர் மேல் ஏற்றுவதற்கு எங்கள் தொழிலில் மன்னிப்பு கிடையாது. அதற்காகப் பலரைத் திட்டியிருக்கிறேன். இப்போது தகவலுக்குச் சொந்தக்காரர் டீ டம்ளரோடு என் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"ஒம்போது," என்றேன். "தையிலேருந்து. முன்ன பதினாலு."

"ஒம்போதா? பத்துன்னு நெனச்சேன்." டம்ளரைக் கீழே வைத்தார். "முட்டி வலிக்குது. சொன்னா நீ போவாதன்னுவ. பசங்களும் டீம்லேருந்து எடுத்துடுவானுங்க. ஞாயித்துக்கெழம நான் இன்னா பண்ணுவேன்?"

பட்டறைக்கு முன் அவர் வேலை பார்த்த மில்லை மூடியபோதுகூட இப்படிக் கேட்டதில்லை.

"போவாதீங்கன்னு நான் சொல்லலயே."

"அதான் பேப்பர்ல போட்டுட்டியே."

இருவரும் வண்டியில் மைதானத்துக்குப் போனோம். அன்று எதிரணி குருசுக்குப்பம். எங்கள் அணியில் முதல் ஓவரை வயதில் மூத்தவர் போட வேண்டும். யாரும் வைத்த விதியில்லை, யாரும் மீறியதுமில்லை. சில மாதங்களாக அந்த ஓவரில் அடி பலமாக விழுந்துகொண்டிருந்தது.

"பெரியவரு வந்துட்டாருடா, போர்டுல மொதல்லயே இருவது எழுதிடுங்க!" என்று குருசுக்குப்பத்துக்காரர் ஒருவர் கத்தினார்.

கேப்டன் அவரோடு பட்டறையில் வேலை செய்பவன். வழக்கம்போல் புதுப் பந்தை நீட்டினான். அவர் வாங்கவில்லை.

"வேற யாருக்காவது குடுடா. நான் நடுவுல வந்து மெதுவா போடறேன். வேணாம்னா இப்பவே சொல்லிடு, பாவம்னு சேத்துக்காத."

"உங்கள எடுத்துட்டா அண்ணி ஸ்கோர் எழுத வராதேணா. இவனுங்க ஒருத்தனுக்கும் கூட்டத் தெரியாது."

அவர் சிரித்துவிட்டார். கேப்டன் மூச்சை இழுத்து விட்டான். அவனும் தப்படியை எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

எட்டாவது ஓவரில் பந்து அவர் கைக்கு வந்தது. தப்படி வைத்துப் போய்ச் செருப்பை வைத்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்து, எத்தனை என்று கையசைத்துக் கேட்டார். ஐந்து விரல்களையும் விரித்துக் காட்டினேன். தலையாட்டினார். முதல் பந்து சுவரைத் தாண்டிப் போனது. மற்ற ஐந்தில் மூன்று ரன். பத்தாவது ஓவரையும் கேப்டன் அவரிடமே கொடுத்தான்.

பிற்பகலில் பத்திரிகைக்குத் திருத்தம் எழுதினேன்: அந்தப் பந்து வீச்சாளர் ஓடிவரும் தூரம் குறையவில்லை, தவறுக்கு வருந்துகிறோம். முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே அவர் எட்டிப் பார்த்தார்.

"அவன டீம்ல வெச்சிக்கணும்னு ஒரு வரி சேத்துப் போடேன்."

"அது திருத்தம் இல்லங்க, கருத்து."

"போட்டாதான் இன்னா?"

போடவில்லை. திருத்தத்தை அப்படியே அனுப்பிவிட்டு, தைலப் புட்டியை வாங்கி அவருடைய இன்னொரு முட்டியைத் தேய்க்க ஆரம்பித்தேன்.