கொழம்பு ரெடி, மீன் எங்க?

அவலாஞ்சி ஓடையில முட்டிவரைக்கும் நிக்கிறேன். குளுருல காலு இருக்கான்னு குனிஞ்சு பாத்துக்குறேன். கோழி எறகுல கட்டின பொய்ப் பூச்சியத் தூண்டில்ல மாட்டி வீசுனா, மீன உட்டுட்டு என் குல்லாவுல மாட்டுது.

கூட வந்த ஊட்டிக்காரர் மணி சிரிக்கிறாரு. "அண்ணே, கரையில கொழம்பு கொதிக்குதே, மீன் எங்க?"

"எங்க புவனகிரியில கொழம்பக் கூட்டி வச்சிட்டுத்தாண்ணே ஆத்துல எறங்குவோம்."

"அது இந்த ஓடையில இருக்குற ட்ரவுட் மீனுக்குத் தெரியாதே!"

பொழுது சாயுது, ஒண்ணும் சிக்கல. 'நானே புடிச்ச மீனத்தான் திம்பேன்'னு பொண்டாட்டிகிட்ட சவடால் உட்டுட்டு வந்தவன் நான். டெண்ட்டுக்குள்ள போயி பையிலேருந்து ஸ்வெட்டர உருவுறேன். அடியில பேப்பர்ல சுத்தி நெத்திலிக் கருவாடு வச்சிருக்கா.

மணி எட்டிப் பாக்குறாரு. "வீட்டுல உங்கமேல நம்பிக்கை ஜாஸ்தி போல!"

கருவாட்டக் கொழம்புல போட்டுச் சாப்புடுறோம். ரெண்டாவது வாயிலயே மரத்துப்போன காலு ரெண்டும் திரும்பி வருது. ரெண்டுமே புவனகிரியப் பாத்துத்தான் நிக்குது.