குளிர்க்கடலுக்கு இரண்டு பேர்

செங்கல்பட்டு வெயிலில், மொட்டை மாடியில், ஐஸ் தொட்டிக்குள் கையை விட்டுக்கொண்டு இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தால் பார்ப்பவர்களுக்குச் சிரிப்புதான் வரும். அக்கம்பக்கத்தார் சிரிக்கவும் செய்தார்கள். ஒருத்தி ஜாய்ஸ், நாற்பத்தேழு வயது, தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். இன்னொருத்தி துர்காதேவி, மூன்று வயது இளையவள், வங்கியில் வேலை. அடுத்த மார்ச்சில் நார்வேக்குப் போய் ஐந்து டிகிரி கடலுக்குள் முங்கிப் பார்ப்பது என்று நாலு வருஷமாகத் திட்டம். நம்மூர்க் குழாயில் வெந்நீர்தானே வருகிறது, எங்கே போய்ப் பழகுவது? மீன் மார்க்கெட்டில் ஐஸ் கட்டி வாங்கிவந்து துர்கா வீட்டு மாடியில் தொட்டியை நிரப்பினார்கள்.

ஜாய்ஸுக்குத் தண்ணீர் சும்மா கிடைத்ததில்லை. அப்பா முத்துசாமி உள்கிராமம் ஒன்றில் பிறர் நிலத்தில் கூலிக்குப் போனவர். ஒன்பது வயதில் அவள் ஒரு பம்புசெட் தொட்டியில் காலை நனைத்தாள். நிலத்துக்காரர் திட்டவில்லை. தொட்டித் தண்ணீர் மொத்தத்தையும் திறந்துவிட்டு, புதிதாக நிரப்பினார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பாள். மகளைக் கல்லூரியில் சேர்த்த பிறகு, நாற்பது வயதில்தான் நீச்சல் கற்றாள். மறு வருஷம் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, முதுகில் காற்று சிலிண்டரோடு படகிலிருந்து கடலுக்குள் இறங்கினாள். 'எட்டிப் போ' என்று யாரும் யாரையும் சொல்ல முடியாத இடம் அது என்று அவளுக்குத் தோன்றியது. அதன் பிறகு அவளைக் கரையில் பிடித்துவைக்க முடியவில்லை; கடலுக்குள் அவளுக்குத் துணை துர்காதான்.

குளிர்க்கடலில் ஒரு ஆபத்து உண்டு. மூச்சுக்காற்றுக் கருவி உறைந்து, காற்று பீறிட்டு வீணாகிவிடும். சிலிண்டரில் இரண்டு திருகுகள் இருக்கும்; அப்போது கூட வருபவர்தான் முதுகுப் பக்கம் உறைந்த கருவியின் திருகை மூட வேண்டும். அதனால்தான் இருவரும் பத்து நிமிஷம் ஐஸில் கையை வைத்துவிட்டு, ஒரு பழைய சிலிண்டரின் திருகைத் திருகிப் பழகினார்கள். துர்கா மூடிவிட்டாள். ஜாய்ஸுக்கு நாலாவது நிமிஷமே மூன்று விரல்கள் சுண்ணாம்பாய் வெளுத்துப்போயின. திருகைத் தொட்டது கூடத் தெரியவில்லை. உள்ளங்கையால் எப்படியோ தள்ளி மூடிவிட்டு, கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டாள்.

நர்ஸுக்குத் தெரியாதா, குளிரில் விரலுக்கு ரத்த ஓட்டம் நின்றுபோகும் கோளாறு அது என்று? உடம்பில் இருப்பதை மறைக்கும் நோயாளிகளை வாய் ஓயாமல் திட்டுகிறவள் அவள். இருந்தும் நார்வேயின் முக்குளிப்பு நிலையத்தார் அனுப்பிய படிவத்தில், குளிரில் விரல் மரத்துப்போகுமா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று குறித்தாள். அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு துர்கா ஐஸை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஐஸ் போடாத துர்கா," என்றாள் ஜாய்ஸ். "எனக்கு வெரல் வேல செய்யல. போன வாரமே தெரியும். ஃபார்ம்ல பொய் எழுதிட்டேன். நேத்து டாக்டராண்ட கேட்டேன், க்ளவுஸ் போட்டாலும் வேணாம்னுட்டார்."

துர்கா சுத்தியலைக் கீழே வைத்தாள். "எனக்குத் தெரியும்க்கா. அன்னிக்கே பார்த்துட்டேன்."

"அப்புறம் ஏன்டி கேக்கல?"

"இன்னான்னு கேக்கறது? நீயா சொல்றியான்னு ஒரு வாரமா பார்த்துகினு கீறேன். சொல்லாம இருந்தா, எதனா சாக்கு சொல்லி நானே நார்வேக்கு வரலைன்னு சொல்லியிருப்பேன். இங்க கடல்லயும் உன்கூட எறங்கியிருக்க மாட்டேன்."

ஜாய்ஸுக்கு எதை இழக்க இருந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் நார்வே போனது போனதுதான். அவள் முகத்தை மூடிக்கொள்ளாமல் அழுதாள்.

"நானும் போவல, வுடு," என்றாள் துர்கா.

"நீ போவணும்," என்றாள் ஜாய்ஸ், கோபமாகவே. அங்கேயே போனை எடுத்துத் தன் பெயரை நீக்கினாள். பிறகு அந்த நிலையத்துக்கு எழுதினாள். "என் சிநேகிதி தனியாக வருகிறாள். அவளுக்குத் துணையாக அனுப்பும் ஆளின் விரல்கள் குளிரில் வேலை செய்யுமா என்று பாருங்கள். வாயால் கேட்காதீர்கள், ஐஸில் கையை வைக்கச் சொல்லிப் பாருங்கள். போக வேண்டும் என்ற ஆசையில் நல்லவர்கள்கூடப் பொய் சொல்வார்கள்."