இடாப்பில் இல்லாத பெயர்

எண்பதுகளின் கடைசியில், மொன்றியலில் எனது முதல் குளிர்காலத்தில், அகதிகளுக்கான பிரெஞ்சு வகுப்புக்குப் போய்வந்தேன். பக்கத்துக் கதிரையில் ஒரு பல்கேரியாக்காரி. ஆசிரியை "விளங்குதா?" என்று கேட்டால் நாங்கள் இரண்டு பேரும் தலையை இடமும் வலமுமாக ஆட்டுவோம். விளங்கவில்லையாக்கும் என்று அந்த மனுசி பாடத்தை முதலிலிருந்து தொடங்குவாள். பல்கேரியாவில் ஆம் என்பதற்கு அப்படித்தான் ஆட்டுவார்களாம். மட்டக்களப்பில் நாங்களும் ஏறக்குறைய அப்படித்தான். எங்கள் சிநேகிதம் அந்தத் தலையாட்டலில் தொடங்கியது.

அவள் ஊரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. ஆசிரியர் குழு ஒன்றோடு கியூபாவுக்குப் போகும் வழியில், எண்ணெய் நிரப்ப விமானம் நியூபவுண்ட்லாந்தில் இறங்கியபோது, கைப்பையோடு போய் ஒரு பொலிஸ்காரனுக்கு முன்னால் நின்று தஞ்சம் கேட்டவள். பல்கேரியாவில் அவளுக்குத் தாய் மட்டும் இருந்தாள்.

பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் கட்டிடத்தில் ஒரு வீடு காலியானது. அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டுச் சொந்தக்காரர் கிரேக்கர். "எனக்குத் தருவீங்களா?" என்று அவள் கேட்க, அவர் சிரித்தபடி "நே, நே" என்றார். அவள் முகம் செத்துப்போய் விறுவிறென்று படி இறங்கிவிட்டாள். கிரேக்க மொழியில் நே என்றால் 'ஆம்', பல்கேரிய மொழியில் 'இல்லை'. அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லைத் தினமும் கேட்டுப் பழகிய நான்தான் பனிக்குள் ஓடிப்போய் அவளைத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

குடிவந்த பிறகு அவளுக்கும் கிரேக்கருக்கும் ஓயாத வாக்குவாதம். பல்கேரியாவில் எழுத்துக்கென்றே ஒரு திருநாள் உண்டு. பிள்ளைகள் பூவோடு ஊர்வலம் போவார்கள். "எங்கட எழுத்தைத்தான் ரஷ்யாக்காரன் எடுத்தவன்" என்பாள் அவள். "அந்த எழுத்துக்கு வழி திறந்த துறவிகள் ரெண்டு பேரும் எங்கட ஊர் அண்ணன் தம்பி" என்பார் அவர். தயிர் யாருடையது, கோப்பி யாருடையது என்றும் தொடரும். அவளோடு சென்ட் லோரன்ட் தையல் ஆலையில் வேலை செய்த மசிடோனியாக்காரன் பேசுவதும் பல்கேரிய மொழிதான் என்பாள். அவன் அதைக் கேட்டால் தேநீர் இடைவேளை முழுவதும் அவளோடு பேசமாட்டான். எனக்கு அது புதிதல்ல. "மறுகா வாறன்" என்று மட்டக்களப்புப் பேச்சில் நான் சொன்னால், 'பிறகு' என்பதற்குப் பேந்து என்று சொல்லத் தெரியாதா என்று சிரிக்கிற யாழ்ப்பாணத்து ஆட்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள்.

பனி கரையத் தொடங்கிய நாட்களில் வகுப்புக்கு ஒரு புதுப் பெண் வந்தாள். பல்கேரியச் சரக்குக் கப்பலில் சமையல் வேலை செய்து, துறைமுகத்தில் இறங்கியவள், திரும்பிக் கப்பல் ஏறவில்லை. ஆசிரியை பெயரைக் கூப்பிட்டபோது அவள் பேசாமல் இருந்தாள். ஊர்க்காரி வந்துவிட்டாள் என்று என் சிநேகிதி இடைவேளையில் துள்ளிக்கொண்டு போய்த் தன் மொழியில் பேசினாள். புதியவள் உடைந்த பிரெஞ்சில் பதில் சொன்னாள்: "உன்ர பாஷை எனக்கு நல்லாத் தெரியும். கதைக்க விருப்பமில்ல."

அன்று பின்னேரம் சிநேகிதி என் குசினியில் வந்து உட்கார்ந்தாள். "அவ துருக்கிப் பெண். எங்கட நாட்டில துருக்கியர் தலைமுறை தலைமுறையா இருக்கிறாங்க. அவங்கட பேரெல்லாத்தையும் அரசாங்கம் பல்கேரியப் பேரா மாத்திப்போட்டுது" என்றாள். 

இரண்டு கிழமை கழித்து, அந்தப் புதுப் பெண் என்னிடம் வந்து தன் கடவுச்சீட்டை நீட்டினாள். "படம் நான். பேர் நான் இல்ல." அவளுடைய அகதி விண்ணப்பத்துக்கு அதுதான் சிக்கல். எல்லாக் காகிதத்திலும் பல்கேரியப் பெயர். துருக்கிப் பெண் என்று எப்படிக் காட்டுவது? பெயர் மாற்றத்தைக் கண்ணால் கண்ட ஒருவரின் வாக்குமூலம் இருந்தால் நல்லது என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார்.

என்னைத் துன்புறுத்தி யாரும் என் பெயரை மாற்றவில்லை. விமான நிலையத்தில் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக எழுதியதில், நாடு முழுவதும் என்னை அப்பாவின் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டது. அதற்கே நான் கூசிப்போவேன்.

சிநேகிதியிடம் வாக்குமூலம் கேட்கப்போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது கணவர் பயந்தார். "உமக்கேன் இந்தச் சோலி? அந்தப் பிள்ளைட தாய் அங்க இருக்கிறா. ஏதும் நடந்தா?"

"கேட்டுப் பாக்கிறன். ஏலாதெண்டா ஏலாதெண்டு சொல்லட்டும்" என்றேன்.

கேட்டதும் சிநேகிதி எழுந்து போய்விட்டாள். மூன்று நாள் வகுப்புக்கு வரவில்லை. நான்காம் நாள் கதவைத் தட்டி, "உனக்கு இங்கிலீஷ் எழுத வரும். நான் சொல்றன், எழுது. அவளும் இருக்கட்டும்" என்றாள்.

ஞாயிறு காலை மூன்று பேரும் என் குசினி மேசையில் இருந்தோம். சிநேகிதி பிரெஞ்சிலும் கை அசைவிலும் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். குளிர்காலத்து விடியலொன்றில் பள்ளியில் அவள் கையில் புது இடாப்பு, பிள்ளைகளின் பெயர்ப் பதிவேடு, கொடுக்கப்பட்டது. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் துருக்கியர். புதுப் பெயர்களை வாசித்தாள். ஒரு பிள்ளையும் "வந்தேன்" சொல்லவில்லை.

"ரெண்டாம் தரம் சத்தமா வாசிச்சன். கத்தினன். ஒரு பிள்ளை அழத் தொடங்கினது. அதையும் எழுது."

நான் பேனையை நிறுத்தினேன். "இது தேவையா?"

"எழுது."

பிறகு அந்தப் பிள்ளைகளின் பழைய பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள், ஒன்றையும் மறக்கவில்லை. அந்தப் பெயர்களில் ஒன்றையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் மூவருடைய பெயர்களும் அப்படியே. கப்பலில் வந்தவள் மேசை விரிப்பைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "மூண்டாம் தரமும் வாசிச்சியா?" என்றாள்.

"இல்ல. மூடி வச்சிட்டன். வேற ஒண்டும் செய்யல்ல. செய்யப் பயம்."

நான் தேத்தண்ணி ஊற்ற எழுந்தேன். என் முதுகுக்குப் பின்னால் கப்பல்காரி பல்கேரிய மொழியில் ஏதோ சொன்னாள். திரும்பிப் பார்த்தால் சிநேகிதி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிக்கிறாள். "என்ர பேச்சு மலைநாட்டுப் பேச்சாம். ஆடு மேய்க்கிறவங்க கதைக்கிற மாதிரி இருக்காம்" என்றாள். அதை ஒரு மன்னிப்பு என்று நான் அவசரப்பட்டு எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் பிரெஞ்சில் பேசிக்கொண்டதை நான் கேட்டதில்லை.

சிநேகிதி கையெழுத்திட்டாள். மாதங்கள் போயின. ஒரு நாள் கப்பல்காரி மூச்சிரைக்கப் படியேறி வந்து, தன் சொந்தப் பெயரில் வந்த அகதி அனுமதிக் காகிதத்தைக் காட்டினாள். அதில் ஓர் எழுத்தைப் பிழையாக அடித்திருந்தார்கள். அதற்கு அவள் ஏசிய ஏச்சைக் கேட்டுக் கிரேக்கரும் கீழிருந்து ஓடிவந்தார்.

ஊரில் சிநேகிதியின் தாயை இரண்டு தடவை கூப்பிட்டு விசாரித்தார்கள். அந்த நாட்களில் சிநேகிதி சாப்பிடவில்லை. பிறகு அங்கே ஆட்சி மாறியது, பறித்த பெயர்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். பயணத் தடையும் நீங்கியது. தாய் வந்திறங்கிய பகலில், என் கணவரின் பழைய காரில் நாங்கள் எல்லாரும் விமான நிலையம் போனோம். சிநேகிதி தாயைக் கட்டிப்பிடித்தவள்தான், வீடு வரும்வரை அவள் கையை விடவில்லை. முழு வழியும் அந்தத் தாயோடு பல்கேரிய மொழியில் பேசிக்கொண்டு வந்தவள் கப்பல்காரி. என்ன விலை, என்ன மழை, எந்தத் தெருவில் எந்த மரம் நிற்கிறது என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.