புத்தகம் பிடித்த சீமாட்டி

டல்லாஸ் அருங்காட்சியகத்தில் ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டியின் படத்துக்கு முன்னால் நிற்கிறேன். வரைந்து இருநூற்றைம்பது வருஷம் ஆகிறதாம். நீலப் பட்டு, பின்னால் சிவப்புத் திரை, பெரிய தூண், காலடியில் நாய், கையில் பாதி திறந்த புத்தகம். முகத்தில் மட்டும் ஒன்றும் இல்லை.

விளக்கம் சொல்லும் பெண் பக்கத்து ஊரான காப்பெல்லில் குடியிருக்கும் தமிழ்ப் பெண்தான். "தூண்னா பழைய வம்சம், ஆன்ட்டி. நாய்னா விசுவாசம். புக்னா நல்லா படிச்சவங்கன்னு காட்டிக்கறது."

"படிக்கிறவ புத்தகத்தைப் பாக்காம நம்மளை ஏம்மா பாக்கறா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். என் மருமகள் ரம்யா சிரிக்கவில்லை. ஃபிரிஸ்கோவில் அவளும் என் மகனும் வாங்கிய புது வீட்டு வாசலில் நாளைக்குக் குடும்பப் படம் எடுக்கிறார்கள். அங்கேயும் இரண்டு தூண் உண்டு. தட்டினால் காலி டப்பா மாதிரி சத்தம் கேட்கும். பக்கத்து வீட்டு நாயை இரவல் கேட்டாயிற்று.

"அத்தை, நீங்களும் இதே மாதிரி கையில ஒரு பெரிய புக் வச்சுட்டு போஸ் பண்ணுங்க. கிளாஸியா இருக்கும்."

நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். அதற்காக ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. இவள் எதற்கு வெட்கப்படுகிறாள்?

"புத்தகம் வேண்டாம். வீட்டுச் சாவியைக் குடு, அதைப் பிடிச்சுக்கறேன்."

ரம்யா படத்து நாயைப் பார்க்கிறாள். அந்த வீட்டுக்குச் சாவி கிடையாது. நம்பரை அழுத்தினால் கதவு திறக்கும். வீடு துடைக்க வருகிறவளுக்குக்கூடத் தெரிந்த அந்த நம்பரை எனக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.